79-க்கு அடுத்து

கணக்கு எழுதுவதுதான் பதினெட்டு வருஷமாக என் பிழைப்பு. அதனால் "நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க, போதும்னு சொல்றேன்" என்று அந்த மனநல டாக்டர் சொன்னபோது உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. 93 என்றேன். 86. 79. அதற்கு அடுத்து என்ன என்று தெரியவில்லை. இறங்கிக்கொண்டே வந்த படிக்கட்டு சட்டென்று முடிந்துபோன மாதிரி இருந்தது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்தேன், என் நகத்தைப் பார்த்தேன். ஒருவழியாக "72" என்று சொன்னபோது, எதிலிருந்து எதைக் கழித்தேன் என்பதே மறந்துபோயிருந்தது. "போதும்" என்று சொல்லிவிட்டு அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

பரீட்சையில் கோட்டை விட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "கணக்கு தெரியுமான்னு பாக்கல. கவனம் எவ்வளவு நேரம் ஒரு இடத்துல நிக்குதுன்னு பாத்தேன்" என்றார். ஆபீசில் ஒரே வவுச்சரை நாலு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்பது அப்போதுதான் உறைத்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமீபத்தில் நண்பன் ஒருத்தன் போன் பண்ணி, "உள்ளே என்னதான்டா கேப்பாங்க?" என்றான். அவனும் போக வேண்டிய நிலையில்தான் இருக்கிறான், ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், நான் மனதில் வரைந்து வைத்திருந்த படம். சாய்ந்து படுக்க ஒரு சோபா, தலைமாட்டில் தாடி வைத்த ஒருவர், அப்புறம் "இதுல என்ன தெரியுது?" என்று நீட்டப்படும் மைக்கறைப் படங்கள். சோபா ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு முறையைச் சேர்ந்தது. மைக்கறைப் படங்கள் 1921-இல் ஹெர்மன் ரோர்ஷாக் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் வெளியிட்ட பத்து அட்டைகள். தேவைப்பட்டால் உளவியலாளர்கள் தனியாகச் செய்யும் சோதனை அது. மனநல மருத்துவரைப் பார்க்கும் முதல் நாளில் வழக்கமாக இதெல்லாம் கிடையாது. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, நிறையக் கேள்விகள். முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். வேறு எந்த டாக்டரும் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

உள்ளே போவதற்கு முன் ஒரு தாள் கொடுத்தார்கள். பி.எச்.கியூ-9 என்று பெயர், மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கும் தாள். ஒன்பது கேள்விகள், எல்லாமே கடந்த ரெண்டு வாரத்தைப் பற்றி: எதிலும் ஈடுபாடு இல்லையா, மனம் சோர்ந்திருக்கிறதா, தூக்கம், களைப்பு, பசி, நம்மைப் பற்றி நமக்கே மட்டமான எண்ணம், கவனம், உடலசைவு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, கடைசியாகச் சாவைப் பற்றிய நினைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. ஐந்திலிருந்து லேசானது, பத்திலிருந்து மிதமானது, பதினைந்திலிருந்து அதைவிடக் கூடியது, இருபதிலிருந்து தீவிரமானது. எனக்கு 17 வந்தது. பதற்றத்துக்கு இதே மாதிரி ஏழு கேள்விகளோடு இன்னொரு தாள் இருக்கிறது.

இந்த எண்ணை வைத்து யாரும் நோயை முடிவு செய்வதில்லை, செய்யவும் கூடாது. காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் மாதிரி, ஏதோ இருக்கிறது என்று காட்டும், என்ன என்று சொல்லாது. அதோடு, தாளில் பொய் எழுதுவது ரொம்பச் சுலபம். ஒன்பதாவது கேள்விக்கு நான் 0 போட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"எப்போதிலிருந்து இப்படி இருக்கு?" டாக்டரின் முதல் பெரிய கேள்வி இது. "ரொம்ப நாளா" என்றேன். அவர் விடவில்லை.

"கடைசியா எப்போ வேலையை நேரத்துக்கு முடிச்சீங்க?"

"போன வருஷக் கணக்கு முடிக்கறப்போ."

"அப்போ தூக்கம் எப்படி?"

"அப்பவே கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

நான் ஒரு கதை தயாரித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆபீசில் ஒரு தகராறு, கிடைக்க வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது, அதிலிருந்துதான் எல்லாம் என்று. நல்ல கதை, நாலு பேரிடம் சொல்லிப் பழகி மெருகேறிய கதை. அவர் தேதிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அடுக்கியபோது அது ஆட்டம் கண்டது. தகராறுக்கு மூணு மாதம் முன்னாலேயே தூக்கம் கெட்டிருந்தது. அதற்கும் முன்னால், வழக்கமாகப் பேசும் நண்பர்களின் போனை எடுக்காமல் விட ஆரம்பித்திருந்தேன். பதவி கிடைக்காததால் சோர்ந்துபோனேனா, சோர்ந்துபோயிருந்ததால் பதவி கிடைக்கவில்லையா? டாக்டர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் மேல் மாதங்களைக் குறித்தார். என் கதைக்கு அந்தக் கோட்டில் ஒரு சின்னப் புள்ளிதான் கிடைத்தது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

இந்தக் கோடு போடும் வழக்கத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது என்று பின்னால் படித்தேன். எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மானிய மருத்துவர், நோயாளி இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்பதைவிட நோய் வருஷக்கணக்கில் எப்படிப் போகிறது என்பதை வைத்தே மனநோய்களைப் பிரிக்க வேண்டும் என்றார். 1899-இல் வந்த அவரது பாடநூலின் ஆறாம் பதிப்பில்தான், வந்து வந்து போகும் மனநிலை நோய்களும், இன்று ஸ்கிட்ஸோஃப்ரீனியா (மனச்சிதைவு) என்கிறோமே அதுவும் தனித்தனியாகப் பிரிந்தன. இன்றைய வகைப்பாடுகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் "எப்போதிலிருந்து?" என்ற கேள்வி இன்னும் முதல் வரிசையில்தான் நிற்கிறது.

தூக்கத்தைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் கேட்டிருப்பார். படுத்ததும் வருகிறதா, நடுவில் விழிப்பு வருகிறதா, எத்தனை மணிக்கு. மூணு மூணேகால் என்றேன். விழித்தபின் என்ன நினைப்பு ஓடும்? காலையில் மோசமா, சாயங்காலம் மோசமா? சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கொஞ்சம் மனிதனாகிவிடுவேன் என்றேன். அது எனக்கே அதுவரை தெரியாது, சொல்லும்போதுதான் தெரிந்தது. படுத்ததும் தூக்கம் வராமல் புரள்வது பதற்றத்தில் அதிகம். வழக்கத்தைவிட ரெண்டு மணி நேரம் முன்னால் விழித்துக்கொள்வதும், காலையில் மனம் கனத்து மாலையில் லேசாவதும் ஒரு வகை மனச்சோர்வின் அடையாளங்கள். "சரியாவே தூங்கறதில்ல டாக்டர்" என்று மட்டும் நான் சொல்லியிருந்தால் இந்த வித்தியாசம் வெளியே வந்திருக்காது.

அடுத்து வந்த கேள்வி எனக்குக் கொஞ்சம் கோபத்தைத் தந்தது. "எப்பவாவது இதுக்கு நேர் எதிரா இருந்திருக்கீங்களா? மூணு மணி நேரம் தூங்கினாலே போதும், களைப்பே இல்ல, பேச்சு வேகம், நிறையத் திட்டம், கை மீறிச் செலவு, அந்த மாதிரி நாலஞ்சு நாள் சேர்ந்தாப்ல?" நன்றாக இருந்த நாளையும் நோய்க் கணக்கில் எழுதுவார்களோ என்று தோன்றியது. காரணம் பிறகுதான் புரிந்தது. பைபோலார், அதாவது சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய், உள்ளவர்கள் பெரும்பாலும் சோர்வு நாட்களில்தான் டாக்டரிடம் வருவார்கள், உற்சாக நாட்களில் யார் வருவார்? அப்படிப்பட்டவருக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அது அவரை எதிர்ப்பக்கம் தூக்கி எறிந்துவிடலாம். அதனால், கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் வாழ்க்கையின் ரொம்ப நல்ல வாரம் ஒன்று, கூட இருந்தவர்களுக்கு ரொம்ப மோசமான வாரமாக இருந்திருக்கலாம்.

குடி, புகை, காபி, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன், நாட்டு மருந்து ஏதாவது உண்டா, தலையில் அடிபட்டதுண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று மளமளவென்று போனது. குடியைப் பற்றிக் குறைத்துச் சொல்லாதீர்கள் என்பது மட்டும் என் ஆலோசனை. அவர் திட்டப்போவதில்லை. மருந்தும் குடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவர் கவலை.

"குடும்பத்துல யாருக்காவது மனநோய்?" இல்லவே இல்லை என்றேன், மார்தட்டாத குறையாக.

இந்த இடத்தில் அக்கா வருகிறாள். வெளியே உட்கார்ந்திருந்தாள். "உங்க கூட வந்தவங்ககிட்டயும் கொஞ்சம் பேசலாமா, உங்களுக்குச் சம்மதம்னா" என்று டாக்டர் கேட்டார். சரி என்றேன். அதே கேள்வியை அவளிடமும் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன்டா, சித்தப்பா?" என்றாள்.

சித்தப்பா ரெண்டு வருஷம் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தவர். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'கோபம்'. யார் மேல் கோபம் என்று யாரும் கேட்டதில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவோம். அப்புறம் ஒரு நாள் அவராகவே வெளியே வந்தார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாற்பது வயது வரை அவரைக் கோபக்காரர் என்றே நம்பிக்கொண்டிருந்தவன் நான். உங்கள் குடும்பத்திலும் 'ஒரு மாதிரி', 'யாரோடயும் ஒட்டமாட்டார்' என்று சொல்லப்படுகிறவர் யாராவது இருந்தால், போவதற்கு முன் பெரியவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றி வைத்திருப்பார்கள்.

அக்காவால் இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று அன்று பார்த்து ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். "தினமும் இப்படித்தான் கிளம்புவாரா?" என்று டாக்டர் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டாள். "பத்து நாளா குளிக்கறதுக்கே சண்டை போட வேண்டியிருக்கு டாக்டர். இன்னிக்குத்தான் மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கான்."

பார்ப்பது கதவைத் திறந்த நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. எப்படி நடந்து வருகிறோம், உடை எப்படி, கண்ணைப் பார்த்துப் பேசுகிறோமா, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, குரல் ஏறி இறங்குகிறதா, சொல்லும் சோகமும் முகமும் பொருந்துகிறதா. இதற்கு மனநிலைப் பரிசோதனை என்று பெயர். மற்ற டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்ப்பதை இவர் பேச்சை வைத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஏழைக் கழிக்கச் சொன்னது அதில் ஒரு பகுதி. இன்று என்ன தேதி, இது எந்த இடம், மூன்று சொல் சொல்கிறேன், ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்பதெல்லாமும் அதில்தான் சேரும். அடிப்படையாகத் தோன்றும் இந்தக் கேள்விகளுக்கு அவமானப்பட வேண்டாம்.

பழமொழி கேட்பதும் உண்டு. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இதுக்கு என்ன அர்த்தம்?" வார்த்தைக்கு வார்த்தை கூடத்தைப் பற்றியே பேசுகிறோமா, அதன் உள்ளர்த்தத்துக்குப் போகிறோமா என்று பார்ப்பார்களாம். நானோ, "என்னைத்தான் சொல்றீங்கன்னு தெரியுது டாக்டர். ஆபீஸ் சரியில்ல, ஆபீஸ் சரியில்லன்னு ஒரு மணி நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். ஆனாலும் எழுதிக்கொண்டார். எல்லாப் பழியையும் தன் மேலேயே இழுத்துப் போட்டுக்கொள்வதும் ஓர் அறிகுறிதானே.

அடுத்து, நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. "யாரும் இல்லாதப்போ குரல் ஏதாவது கேக்குதா?" ஆமாம் என்று சொன்னால் அன்றே எங்காவது அடைத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். சில ராத்திரி, கண் சொருகும் நேரத்தில், யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். எழுந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னேன். தூங்கப் போகும்போதா, முழுசாக விழித்திருக்கும்போதா, ஒரு சொல்லா, நீளமான பேச்சா என்று மட்டும் கேட்டார். "தூக்கத்துக்குள்ள நுழையறப்போ இது நிறையப் பேருக்கு வர்றதுதான். நோய்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆறு மாதமாக நான் பூட்டி வைத்திருந்த ரகசியத்துக்கு இருபது விநாடிதான் ஆனது.

பிறகு, அதே குரலில், "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" என்றார். அக்கா அப்போது மறுபடி வெளியே போயிருந்தாள். தாளில் 0 போட்டவன், நேருக்கு நேர் கேட்டபோது அப்படிச் சொல்ல முடியவில்லை. காலையில் எழாமலே போனால் நல்லது என்று தோன்றும் என்றேன். எழாமல் போவது ஒன்று, தானே ஏதாவது செய்துகொள்வது வேறு, எதை நினைத்தீர்கள் என்று பிரித்துக் கேட்டார். திட்டம் உண்டா, முன்பு முயன்றதுண்டா, எது தடுக்கிறது. ஒவ்வொன்றாக, முகம் மாறாமல். இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு ஏற்பட்டது நிம்மதிதான். உண்மையைச் சொன்னதற்காக யாரும் என்னை அடைக்கவில்லை. அந்தத் தாளை எடுத்து 0-வை அடித்துவிட்டு என்னிடமே நீட்டினார். 1 போட்டேன். மொத்தம் 18.

நீங்கள் சொல்வது அந்த அறைக்குள்தான் இருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால், உங்களுக்கோ இன்னொருவருக்கோ, அப்போது மற்றவர்களிடம் சொல்ல வேண்டிவரும். இதை அவரே முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள். அப்புறம் ஒன்று: அந்த எண்ணம் திட்டமாக மாறிவிட்டது என்றால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியில் என்ன நோய் என்று சொல்வாரா? "இப்போதைக்கு மிதமான மனச்சோர்வுன்னு வச்சுக்கலாம்" என்றார். அந்த 'இப்போதைக்கு' முதலில் எரிச்சலாக இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை மாதிரி அளந்து சொல்ல இதற்கு ஒரு சோதனை கிடையாது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, ரெண்டு வாரம், கிட்டத்தட்ட தினமும். அவற்றில் ஒன்று சோர்ந்த மனமாகவோ ஆர்வக் குறைவாகவோ இருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் டி.எஸ்.எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் அளவுகோல். அடுத்தடுத்த சந்திப்புகளில் அது மாறலாம்.

ஆனால் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை. தைராய்டு குறைந்தால் அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும், கூடினால் பதற்றம் மாதிரி இருக்கும். மனசு என்று நினைத்துக்கொண்டிருப்பது கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பியின் வேலையாகவும் இருக்கலாம். மூளை ஸ்கேன் எடுக்கணுமா என்று நானாகவே கேட்டேன். உங்கள் விஷயத்தில் தேவையில்லை என்றார்.

மாத்திரை எழுதிக் கொடுத்தபோது ஐந்து கேள்வி கேட்டேன்: இது என்ன செய்யும், எப்போது தெரியும், முதல் வாரம் என்ன தொந்தரவு வரும், எவ்வளவு நாள், நானாக நிறுத்தினால் என்ன ஆகும். பலன் தெரிய ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும், முழுசாகத் தெரிய இன்னும் கூட ஆகலாம், முதல் வாரம் வயிற்றைப் பிரட்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். கவுன்சலிங்குக்கு ஓர் உளவியலாளர் பெயரும் கொடுத்தார்.

இப்படிச் சொல்வதால் எல்லா இடமும் இப்படி என்று நினைக்க வேண்டாம். இதற்கு முன் வேறோர் இடத்துக்குப் போய் எட்டு நிமிஷத்தில் மருந்துச் சீட்டோடு வெளியே வந்தவன் நான். தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, சித்தப்பாவைப் பற்றியும் கேட்கவில்லை. அந்தச் சீட்டு அப்படியே பர்ஸில் மடிந்து கிடந்தது. அந்த மாதிரி ஆனால் வேறு டாக்டரைப் பாருங்கள். 'மனநல சிகிச்சையே இப்படித்தான்' என்று முடிவு கட்டி எட்டு மாதம் வீணாக்கியது என் முட்டாள்தனம்.

ரெண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். "கதை வேணாம், நேரம் மட்டும் எழுதிட்டு வாங்க" என்றார். படுத்தது, விழித்தது, அவ்வளவுதான். கணக்குப் பேரேட்டில் எழுதுவது மாதிரி கட்டம் போட்டு எழுதினேன். 3:10. 3:25. 3:05. 3:40. இப்படியே போனது. அடுத்த முறை அந்தத் தாளை மேஜையில் விரித்து, விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கி வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"வியாழக்கிழமை 5:20-ன்னு போட்டிருக்கீங்களே. அன்னிக்கு என்ன?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் இல்ல டாக்டர். தூங்கிட்டேன்."